மீன் தொட்டிக்குக் கீழே வந்தால்

கிள்ளானில் என் மனைவி ரத்தம் சுத்திகரிக்கப் போகும் நிலையம் ஒரு கடைவரிசையின் பின்புறம், சற்று மேட்டில் இருக்கிறது. கார் நிறுத்தும் இடத்திலிருந்து அதன் கதவு வரை ஒரு சிமெண்டுச் சரிவு ஏறுகிறது. சக்கர நாற்காலியின் நீளத்தால் அளந்தால் இருபத்தாறு நாற்காலி வரும். பாதி ஏறியதும் வலப்பக்கம் வளர்ப்பு மீன் விற்கும் கடை. அதன் பெரிய கண்ணாடித் தொட்டி வாசலை ஒட்டியே இருக்கும். வாரம் மூன்று முறை அவளை நாற்காலியில் உட்காரவைத்து அந்தச் சரிவில் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. அவளுடைய சிறுநீரகங்கள் ஓய்ந்ததிலிருந்து இந்த வேலையை நான் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

நான் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டை, பெட்டி, பீப்பாய் எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்ப்பவனுக்கு அந்தப் பெயர். வேலை போன பிறகும் எண்ணுவது போகவில்லை. நிலையத்தில் எத்தனை இயந்திரங்கள், அவற்றில் எத்தனை பழுது, எத்தனை பேர் ஜன்னல் பக்கம் கேட்டுச் சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

போன தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் சரிவில் ஏறும்போது நெஞ்சில் ஏதோ உட்கார்ந்தது. வலி என்று சொல்ல முடியாது. நனைந்த சாக்கு ஒன்றை மடித்து நெஞ்சுமேல் வைத்ததுபோல. மீன் தொட்டிக்கு எதிரே நின்றேன். கொஞ்ச நேரத்தில் சாக்கை யாரோ எடுத்துவிட்டார்கள். காற்றுப் பிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் நெஞ்சில் எது வந்தாலும் முதலில் அது காற்றுத்தான். மோரில் பெருங்காயம் கலந்து குடித்தேன், தைலம் தடவினேன். அடுத்த முறையும் அதே இடத்தில் சாக்கு வந்து உட்கார்ந்தது. மறுபடியும் நின்றேன்.

"என்னங்க, மீன் பாக்குறீங்களா?" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே மனைவி கேட்டாள்.

"ஆமா. நீல வாலு மீனு புதுசா வந்திருக்கு."

மூன்றாவது வாரமும் நான் மீன் பார்த்தபோது அவள் திரும்பவில்லை. "நெத்திலிக்கும் கெண்டைக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன் நீங்க. உங்களுக்கு எதுக்கு நீல வாலு?" என்றாள். அவள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். "போர்டுல எழுதிக்கிட்டே பின்னால எவன் என்ன பண்றான்னு சொல்றவ நான். தொட்டிக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்க மூச்சு மாறிடுது."

அன்று இயந்திரத்தில் படுத்தபடியே மகனுக்குப் போன் செய்துவிட்டாள்.

மகன் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். எதையும் ஒத்திப்போடத் தெரியாதவன். அந்த வாரமே என்னை ஒரு ஸ்கேன் நிலையத்துக்குக் கூட்டிப்போனான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைப் படம் எடுத்தார்கள். ஒன்றில் எழுபது விழுக்காடு அடைப்பு, இன்னொன்றில் அறுபது. வாழ்நாள் முழுக்க எண்களோடு இருந்த எனக்கு அந்த இரண்டு எண்களையும் பார்க்கப் பிடிக்கவில்லை. நூற்றுக்கு எழுபது மூட்டை வரவில்லை என்றால் எந்தக் கப்பலையும் நான் போகவிட்டிருக்க மாட்டேன்.

சுத்திகரிப்பு நிலையத்தில் இன்னொரு பெண்மணியின் கணவர் இருக்கிறார், முன்பு லோரி ஓட்டியவர். விஷயம் கேள்விப்பட்டதும் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி நெஞ்சைக் காட்டினார். கழுத்துக்குக் கீழிருந்து நேராக ஒரு தழும்பு.

"பைபாஸ் அண்ணே. பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்கேன். ரெண்டு மூணு மாசம்தான் சிரமம். அரிசி மூட்டையக்கூடத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. கார் ஓட்டக் கூடாது. எதையும் தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது தள்ளக் கூடாது என்பது மட்டும்தான்.

நிலையத்துக்கு ஒரு வேன் உண்டு. நல்ல வேன், ஓட்டுபவரும் நல்லவர். ஆனால் சுத்திகரிப்பு முடிந்ததும் என் மனைவிக்கு ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். சில நாள் சீக்கிரம் தேறுவாள், சில நாள் தேற மாட்டாள். எழுந்து நிற்கலாமா என்பதை அவள் உதட்டு நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். வேன் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு ஜெஞ்சாரோம் வரை போகவேண்டும், உதட்டு நிறத்துக்காகக் காத்திருக்காது. என் நெஞ்சைத் திறந்தால் இவளை யார் பார்ப்பது? திறக்காமல் விட்டு, இவளைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு நான் சாலையில் மயங்கிச் சாய்ந்தால்? இரண்டு கேள்விகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகன் பெரிய ஆஸ்பத்திரியில் இதய மருத்துவரிடம் நேரம் வாங்கினான். மலாய்க்காரப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். என்னைப் பாக்சிக் என்று அழைத்தார், பெரியவர்களை அவர்கள் அழைக்கும் முறை அது. அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"பாக்சிக், இந்தப் படம் குழாய் எங்கே குறுகியிருக்குன்னு சொல்லுது. அதுக்குப் பின்னால இருக்கற தசைக்கு ரத்தம் பத்தலையான்னு சொல்லல. உட்கார்ந்திருக்கும்போது பத்தும். மேடு ஏறும்போது பத்துதா இல்லியான்னு பாக்கணும். அதப் பாத்துட்டுத்தான் குழாயில கை வைக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும்."

முட்டி தேய்ந்துபோன என்னால் டிரெட்மில்லின் ஓடும் பட்டையில் வேகமாக நடக்க முடியாது. அதனால் ஊசி மருந்து கொடுத்து இதயத்தின் குழாய்களை விரியவைத்து, ரத்தம் எங்கே குறைகிறது என்று படம் எடுப்பார்களாம். தேதி கொடுத்து, கூடவே ஒரு காகிதமும் கொடுத்தார்கள். ஒரு முழு நாள் கோப்பி, தேநீர், கோலா, சாக்லேட் எதுவும் கூடாது. அதுவரைக்கும் சாப்பிட மாத்திரைகளும் தந்தார். நெஞ்சு இறுகினால் நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ள ஒரு சிறிய ஸ்பிரே புட்டியும்.

சோதனைக்கு முன்தினம் கொமூட்டர் ரயிலில் வந்து மகன் வீட்டில் தங்கினோம். காகிதத்தில் இருந்ததை நான் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். பிரிக்பீல்ட்ஸ் முழுக்க நுரைக்க ஆற்றிய தே தாரேக் தேநீரின் வாசனை, ஒரு வாய் குடிக்கவில்லை. தலைவலித்தபோது மாத்திரைகூடப் போடவில்லை, அதில் கோப்பிச் சத்து கலந்திருக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். படுக்கப் போகும் முன் பசித்தது. மருமகளிடம் ஒரு கப் மால்ட் பானம் கலக்கித் தரச் சொன்னேன்.

அதைச் சாக்லேட் என்று நினைக்க இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எவனாலும் முடியாது. பள்ளி விளையாட்டுப் போட்டியன்று மால்ட் கம்பெனியின் பச்சை லோரி வந்து நிற்கும். வரிசையில் நின்று காகிதக் குவளையில் சில்லென்று வாங்கிக் குடிப்போம். ஓடித் தோற்றவனுக்கும் உண்டு, ஓடாதவனுக்கும் உண்டு. காய்ச்சலில் கிடந்தால் அதைத்தான் கொடுப்பார்கள், பரீட்சைக்குப் படித்தாலும் அதைத்தான் கொடுப்பார்கள். அது சத்து. கோப்பியோடும் தேநீரோடும் அதை ஒரே பட்டியலில் வைக்க எனக்குத் தோன்றவேயில்லை.

காலையில் என்னைப் பார்த்த மிஸ்ஸி தமிழ்ப் பெண். மிஸ்ஸி என்றுதான் தாதியரை நாங்கள் கூப்பிடுவது.

"அங்கிள், நேத்துலேர்ந்து என்னென்ன குடிச்சீங்க?"

"பச்சத் தண்ணி. ராத்திரி ஒரு கப் மால்ட்."

பேனா நின்றது. "மால்ட்டா? அதுல கொக்கோ இருக்கு அங்கிள்."

"அது சத்து பானம்மா."

"சத்துதான். ஆனா அது உள்ளே இருந்தா நம்ம மருந்து வேலை செய்யாது. குழாய் விரியாது. எல்லாம் நல்லாயிருக்குன்னு பொய்யாப் படம் வரும். பொய்ப் படத்த வச்சு டாக்டர் என்ன முடிவு பண்ணுவாங்க?" பிறகு என் முகத்தைப் பார்த்து, "கவலப்படாதீங்க. இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு. ஒரு ஆன்டி ரெண்டு கப்பு குடிச்சிட்டு, பிஸ்கட்டையும் தொட்டுச் சாப்பிட்டு வந்தாங்க" என்றாள்.

நான்காவது ஆள் என்பதில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. வேறு தேதி பல வாரம் தள்ளித்தான் கிடைத்தது.

காரில் மகன் முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. "போதும்பா. இன்னும் எத்தன வாரம் காத்திருக்கறது? எனக்குத் தெரிஞ்ச ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர் இருக்காரு. இந்த வாரமே ரெண்டு ஸ்டென்ட் போட்டுடுவாரு. எழுபது பெர்சென்ட்லா. இதுல என்ன சோதன வேண்டிக் கிடக்கு?"

ஸ்டென்ட் என்பது குறுகிய குழாயை விரித்து உள்ளே வைக்கும் சிறு வலைக்குழல். நெஞ்சைத் திறக்க வேண்டாம். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, இது ஸ்டென்ட்டுக்கு அடங்காது, பைபாஸ்தான் என்று சொல்லிவிட்டால்? "மறு தேதி வரட்டும்" என்றேன். அவன் கோபத்தை ஹாரனில் காட்டினான்.

அந்த வாரங்களில் சரிவில் ஒரு மாற்றம் தெரிந்தது. சாக்கு மீன் தொட்டியருகே வரவில்லை. அதைத் தாண்டி, தையல் கடை, போட்டோ கடை தாண்டி, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வந்தது. சில நாள் கதவருகேதான் வந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று மனைவி சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மழையில்லாத நாட்கள், காற்று நன்றாக இருக்கிறது, அதனால் இருக்கலாம் என்றேன். சோதனைக்கு முன்னால் ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். சாக்கு திரும்பவும் சொல்லிவைத்ததுபோல மீன் தொட்டிக்கு இறங்கி வந்தது. அதற்குமேல் நான் வாதாடவில்லை.

இரண்டாவது முறை அதே மிஸ்ஸி. "மால்ட்?" என்றாள். "கண்ணாலகூடப் பாக்கல" என்றேன்.

படுக்கவைத்துக் கையில் ஊசி ஏற்றினார்கள். நெஞ்சில் ஒட்டுகள், கம்பிகள். மருந்து உள்ளே போனதும் காதிலிருந்து சூடு கிளம்பி முகமெல்லாம் பரவியது. கூரையின் சதுரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தச் சாக்கு வந்தது. படுத்துக்கொண்டிருக்கும்போது வந்தது அதுதான் முதல் முறை. எண்ணிக்கை விட்டுப்போனது.

"சரிவு வந்துடுச்சா அங்கிள்?" என்று மிஸ்ஸி கேட்டாள். அவளிடம் சரிவைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன்.

"வந்துடுச்சு."

"வரட்டும். நான் இங்கதான் நிக்கறேன். சொல்லுங்க, எந்தக் கடைகிட்ட இருக்கீங்க?"

"மீன் தொட்டி."

"மீன் எத்தன?"

"ஓடிக்கிட்டே இருக்கும்மா, எண்ண முடியாது."

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதற்குள் சாக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. படத்தில் தெரிவதற்கான கதிரியக்க மருந்து ஒன்றும் ஏற்றினார்கள். சற்று நேரம் கழித்துப் படம் எடுக்கவேண்டும், அதற்குள் ஏதாவது கொழுப்பாகச் சாப்பிட்டுவிட்டு வரச்சொன்னாள். அப்போதுதான் ஈரலில் தங்கியிருக்கும் மருந்து விலகி இதயம் தெளிவாகத் தெரியுமாம். "கேண்டின்ல ரொட்டி சானாய் நல்லாருக்கும். கோப்பியும் குடிங்க, தலைவலி போயிடும்."

ஒரு கப் மால்ட்டுக்காக என்னைத் திருப்பி அனுப்பிய அதே ஆஸ்பத்திரியில், மிஸ்ஸியின் உத்தரவின் பேரில், இதய நோயாளியாகிய நான் நெய் மினுங்க, பரோட்டா போன்ற இரண்டு ரொட்டி சானாயும் ஒரு கோப்பியும் சாப்பிட்டேன். மனைவி எதிரே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மருத்துவம்னா இப்படி இருக்கணும்" என்றாள். பிறகு கைகளைத் தலைக்குமேல் வைத்துக் கேமராவுக்கு அடியில் படுத்தேன். ஓய்வான இதயத்தையும் தனியாகப் படம் எடுத்தார்கள்.

முடிவு சொல்லும் நாளில் மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். வரிசை வரிசையாக உளுந்து வடைகள். இதயத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் அப்படித்தான் தெரியுமாம், நடுவில் ஓட்டையோடு. மேல்வரிசை மருந்து கொடுத்தபோது எடுத்தது, கீழ்வரிசை ஓய்வில் எடுத்தது. மேல்வரிசையில் நான்கு வடைகளின் அடி ஓரம் மங்கியிருந்தது. கீழே அதே வடைகள் முழுசாக இருந்தன.

"இந்த ஓரம்தான் எழுபது விழுக்காட்டுக் குழாய். வேலை கூடும்போது ரத்தம் பத்தல, ஓய்வுல வந்துடுது. தசை சாகல. பரப்பும் பெரிசில்ல."

"அறுபது?"

"அறுபது இருக்கு. ஆனா அதுக்குப் பின்னால எதுவும் பட்டினி கிடக்கல. இதயம் நல்லா அடிக்குது." அவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாக்சிக் நிலைமையில இப்பவே ஸ்டென்ட் போட்டா நெஞ்சு இறுக்கம் குறையலாம். ஆயுசு கூடும்னு என்னால சொல்ல முடியாது. மாத்திரையிலேயே இறுக்கம் குறைஞ்சா அதே போதும். பைபாஸ் பத்தி இப்ப பேச்சே இல்ல."

"அப்ப எப்ப போடணும்?" என்று மகன் கேட்டான்.

அவர் என்னைப் பார்த்தார். "செய்யாம இருக்க முடியாத வேலைன்னு உங்களுக்கு எது இருக்கு?"

சரிவைச் சொன்னேன். இருபத்தாறு நாற்காலி, பாதியில் மீன் தொட்டி, மாத்திரை தொடங்கிய பிறகு சாக்கு வரும் இடம், நிறுத்தியபோது வந்த இடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடையில் குறுக்கிடாமல் கேட்டு, கோப்பில் எழுதிக்கொண்டார்.

"மாத்திரையோட அந்தச் சரிவுல ஏற முடியற வரைக்கும் குழாயைத் தொட வேணாம். மாத்திரை சாப்பிட்டும் இறுக்கம் மீன் தொட்டிக்குக் கீழே வந்தா என்னக் கூப்பிடுங்க, சீக்கிரமே உள்ளே போய்ப் பாத்துடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, ஸ்பிரே அடிச்சும் விடலன்னாலோ என்னக் கூப்பிட வேணாம். நேரா ஆம்புலன்ஸ். அதுக்குத் தேதி கிடையாது."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மகன் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "மீன் தொட்டியாம். எழுபது பெர்சென்ட் அடைப்ப உள்ள வச்சுக்கிட்டு மீன் தொட்டியப் பாத்து முடிவு பண்ணணுமாம். அப்பாவுக்கு எதாவது ஆச்சுன்னா?" கடைசிச் சொல்லில் அவன் குரல் கோபமாக இல்லை.

மனைவி அவன் கையைப் பிடித்துத் தன் இடது முன்கையில் வைத்தாள். அங்கே இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள், சுத்திகரிக்க ஊசி போடுவது அங்கேதான். தொட்டால் உள்ளே பூனை உறுமுவதுபோல அதிர்ந்துகொண்டேயிருக்கும். இத்தனை வருஷத்தில் மகன் அதைத் தொட்டதில்லை என்று அவன் முகத்தில் தெரிந்தது.

"இதுக்குள்ள ஒரு இடம் குறுகியிருக்குப்பா. ஸ்கேன்ல பாத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. அன்னிக்கே விரிச்சு விடுங்கன்னு நானும்தான் கேட்டேன். தொட்டா தொட்ட இடம் தழும்பாகி இன்னும் குறுகும், ஓட்டம் குறையட்டும், அப்பப் பாக்கலாம்னாங்க. ஒருநா ஓட்டம் குறைஞ்சுது. மெஷின் கத்துச்சு. மறுநாளே பலூன் வச்சு விரிச்சாங்க. இப்ப மறுபடியும் லேசாக் குறுகியிருக்கு. யாரும் தொடல. உறுமுதா இல்லியா?"

"கை வேற, நெஞ்சு வேறம்மா."

"வேறதான். இவரு நெஞ்சுக்கு மெஷின் இல்ல. அதனால நான் இருக்கேன். நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு வேற என்ன வேல எனக்கு? மூச்சு தொட்டிக்குக் கீழ மாறுனா நான் கத்துறேன்."

"டீச்சர் கத்துனா கிள்ளானத் தாண்டி மேரு வரைக்கும் கேக்கும்" என்றேன்.

"சாப்புடுங்க ரெண்டு பேரும்" என்றாள்.

மகன் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான். அவள் கத்தினால் நான் மழை, வெயில், காற்று என்று காரணம் சொல்லக் கூடாது. ஒப்புக்கொண்டேன். ஸ்பிரே புட்டி சட்டைப் பையிலேயே இருக்கவேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. அது இல்லாமல் நான் இப்போது குளிக்கக்கூடப் போவதில்லை.

இதை எழுதும்போது சாக்கு வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் கதவுக்குப் பக்கத்தில்தான். அதுவும் எனக்குக் கவலைதான். வராத நாட்களில் அது எங்கே போயிருக்கும் என்று யோசிக்கிறேன். மருத்துவர் சொன்னது சரிதானா, மகன் சொன்னது சரியா என்று காரை ஓட்டிக்கொண்டே கணக்குப் போடுகிறேன். சரிவின் அடியில் நாற்காலியைப் பிரித்து அவளை உட்காரவைத்ததும் கணக்கு நின்றுவிடும். அதன் பிறகு என் மூச்சை நான் கேட்பதில்லை, அது அவள் பொறுப்பு.

போன வாரம் தொட்டிக்குச் சற்றுக் கீழே வந்துகொண்டிருந்தபோது, "நில்லுங்க" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். கை சட்டைப் பைக்குப் போனது. நெஞ்சில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று நான்தான் நினைக்கிறேனோ?

"மூச்சு மாறிடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. மெதுவாத் தள்ளுங்க. தொட்டிகிட்ட கொஞ்சம் நிறுத்துங்க. இத்தன மாசமா இங்க நின்னு நின்னு போறோம், நீங்க மூச்சு இளைக்கறதக் கேட்டுக்கிட்டே நான் ஒரு மீனையும் ஒழுங்காப் பாத்ததில்ல."

தொட்டியருகே நிறுத்தினேன். நீல வால் மீன் இன்னும் விற்காமல் இருந்தது. அவள் கண்ணாடியில் விரலை வைத்தாள், இரண்டு மீன்கள் விரலைத் தேடி வந்தன. நான் எண்ணத் தொடங்கினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன், இருபத்தொன்று.

"எத்தன?" என்று கேட்டாள்.

"ஒத்துவரல."

"சரி, போலாம். ஜன்னல் பக்கத்து மெஷின் வேற யாருக்காவது போயிடும்" என்றாள். பிரேக்கை எடுத்தேன்.